ஜூனியர் வெல்ஸும் ரெண்டு பெரிசுகளும்

கொஞ்ச நாளா ஆணி அதிகம். அதான் இந்தப் பக்கம் தலைகாட்ட முடியலை, மன்னிச்சுக்குங்க மக்களே. இன்னைக்கும் எழுதற உத்தேசம் இல்லை. துணி துவைக்கப் போன இடத்துல மாட்டின கதை இது, சொல்லலைன்னா தலை வெடிச்சிடும்.

நான் இருக்கறது சிகாகோவோட தென்பகுதியில. சவுத் சைடுன்னு சொல்வாங்க. எங்க பில்டிங்ல வாஷிங் மெஷின் கிடையாது. ஞாயித்துக்கிழமை ஆனா ஒரு மூட்டைத் துணியைத் தூக்கிக்கிட்டு ரெண்டு தெரு தள்ளி இருக்கற லாண்ட்ரிக்குப் போய், சில்லறையைப் போட்டுட்டு, சுத்தற துணியை வேடிக்கை பாத்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். மாஸ்டர்ஸ் டிகிரியில இதெல்லாம் சேர்த்திதான் :-)

மூணு மாசம் முன்னாடி ஒரு ஞாயிறு. பக்கத்து நாற்காலியில ஒரு கறுப்பினப் பெரியவர், எழுபதைத் தாண்டினவர், செல்போனை மடியில வெச்சு சத்தமா ஒரு பாட்டு போட்டிருந்தார். மவுத் ஆர்கன். நமக்குத் தெரிஞ்ச மவுத் ஆர்கன்னா ஷோலேல அமிதாப் ராத்திரியில உட்கார்ந்து வாசிப்பாரே, அது. இல்லைன்னா ஸ்கூல் டூர்ல பஸ்ஸோட கடைசி சீட் பையன் வாசிக்கறது. இது அந்த ரகம் இல்லை. தொண்டை அடைச்சுக்கிட்டு ஒருத்தன் அழற மாதிரியும் இருந்தது, அதே வாயால நக்கல் பண்ற மாதிரியும் இருந்தது. யாருங்க இதுன்னு கேட்டேன். அவர் என்னை மேலயும் கீழயும் பாத்துட்டு, "இந்த ஊர்ல இருந்துக்கிட்டு ஜூனியர் வெல்ஸைத் தெரியாதா தம்பி?" அப்படின்னார்.

தெரியாது. வீட்டுக்கு வந்து தேடினேன், நூலகத்துல ரெண்டு புத்தகம் எடுத்தேன், இப்ப ஓரளவு தெரியும்.

முழுப்பேர் அமோஸ் வெல்ஸ் பிளேக்மோர். 1934-ல் பிறந்தவர். தெற்கே மெம்ஃபிஸ் பக்கத்துல வளர்ந்து, 1940-களின் பிற்பகுதியில் அம்மாவோட சிகாகோ வந்து சேர்ந்தார். சின்ன வயசுக் கதை ஒண்ணு அவரே சொன்னது. அடகுக்கடையில இருந்த மவுத் ஆர்கனுக்காக சோடா வண்டியில ஒரு வாரம் வேலை பாத்தார். கிடைச்சது ஒன்றரை டாலர், விலை ரெண்டு டாலர். காசை மேஜையில வெச்சுட்டு ஆர்கனை எடுத்துக்கிட்டு ஓடிட்டார். கோர்ட்டுக்குப் போச்சு. ஏண்டா திருடினேன்னு நீதிபதி கேட்டாராம், அது எனக்கு வேணும்னு இவர் சொன்னாராம். வாசிச்சுக் காட்டச் சொல்லிக் கேட்டுட்டு, மீதி அரை டாலரை நீதிபதியே கொடுத்துட்டாராம். எவ்வளவு உண்மை, எவ்வளவு மசாலான்னு கேக்காதீங்க. மேடையில கதை சொல்றவர் வாழ்க்கையிலயும் கொஞ்சம் சொல்லத்தான் செய்வார்.

1952-ல் மடி வாட்டர்ஸ் குழுவை விட்டு லிட்டில் வால்டர் விலகினப்போ அந்த இடத்துக்கு வந்தவர் இவர். பதினெட்டு கூட முடியலை. வேடிக்கை என்னன்னா, லிட்டில் வால்டர் நேரா வந்து இவரோட பழைய குழுவைத் தன்னோடதாக்கிக்கிட்டார். கிட்டத்தட்ட மாப்பிள்ளை மாத்திக்கிட்ட கணக்கு. அப்புறம் 1965-ல் கிதார் வாசிச்ச படி கையோட சேர்ந்து 'ஹூடூ மேன் ப்ளூஸ்'. நடுவுல படி கையோட ஆம்ப்ளிஃபயர் படுத்துருச்சு, கிதாரை ஆர்கனோட ஸ்பீக்கர்ல சொருகி சமாளிச்சிருக்காங்க. அந்தத் தண்ணிக்குள்ள இருந்து வர்ற மாதிரியான சத்தம் அப்படியே ரெக்கார்டுல இருக்கு. ராத்திரி விளக்கை அணைச்சுட்டுக் கேட்டுப் பாருங்க.

கொஞ்சம் டெக்னிகல், பிடிக்காதவங்க அடுத்த பாராவுக்குத் தாவிடலாம். சின்ன மவுத் ஆர்கன்ல பத்து ஓட்டை. ஒவ்வொண்ணுலயும் ஊதினா ஒரு சுரம், மூச்சை உள்ளே இழுத்தா வேற சுரம். ப்ளூஸ்காரங்க சி சுருதி ஆர்கனை எடுத்து ஜி சுருதியில வாசிப்பாங்க. அப்பதான் முக்கியமான சுரமெல்லாம் இழுக்கற மூச்சுல வந்து விழும். இழுக்கும்போது நாக்கையும் தொண்டையையும் ஒரு மாதிரி வளைச்சா சுரம் கீழே வழுக்கும். நம்ம ஆளுங்க கேட்டா "அட, கமகம்!"னு சொல்லிடுவாங்க. முழுசா சரியில்லை, ஆனா காது அங்கேதான் போகுது.

இனிமே பெரிசுகள் கதை.

பெரியவர் ரிட்டயர்டு பஸ் டிரைவர். போன்ல அவர் போட்டது 'லைவ் அட் தெரசாஸ் 1975'. நாற்பத்தெட்டாவது தெருவும் இண்டியானா அவென்யூவும் சேர்ற இடத்துல, ஒரு கட்டடத்தோட அடித்தளத்துல தெரசா நீதம்ங்கற அம்மா நடத்தின பார் அது. 1949-லேர்ந்து 1983 வரைக்கும் அந்த இடத்துல இருந்தது. ஜூனியர் வெல்ஸுக்கு அதுதான் வீடு மாதிரி. ரோலிங் ஸ்டோன்ஸோட 1970-ல் டூர் போய்ட்டு வந்தவர், திரும்பி வந்து அதே தாழ்ந்த கூரைக்கடியில பாடினார். "நாங்க கச்சேரிக்குன்னு போகலை. ஷிஃப்ட் முடிஞ்சு பீர் குடிக்கப் போவோம், அவர் பாடிக்கிட்டிருப்பார். எங்க தெருக்கடை, எங்க தெரு ஆள்," என்றார் பெரியவர்.

அப்ப பின்னாடி படுக்கை விரிப்பை மடிச்சுக்கிட்டிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மா திரும்பிப் பாத்தாங்க. எழுபதுகள்ல ஹைட் பார்க்ல படிக்க வந்தவங்களாம். "நானும் தெரசாஸ் வந்திருக்கேன். பயந்துக்கிட்டே அந்தப் படியில இறங்குவோம்," என்றார். "யாருக்குப் பயம்? நாங்க கடிப்போமா?" அப்படின்னார் பெரியவர். ரெண்டு பேரும் சிரிச்சாங்க. அந்தம்மா சிரிப்பு சீக்கிரம் நின்னுடுச்சு.

அன்னையிலேர்ந்து ஞாயிறு தவறாம நான் ஆஜர். சண்டை பாக்கவே போவேன். அந்தம்மாவைப் பொறுத்தவரை ஜூனியர் வெல்ஸ்னா வாசிப்புதான். நாலே சுரம் ஊதிட்டு நிறுத்துவாராம். அடுத்தது எப்ப வரும்னு ஹாலே மூச்சைப் பிடிச்சுக் காத்திருக்குமாம். பெரியவருக்கு வாசிப்பு ரெண்டாம்பட்சம். மேஜை மேஜையா நடந்து வருவார், யாரோட பொண்டாட்டி யாரோட வந்திருக்கான்னு கிண்டல் பண்ணுவார், பாட்டு நடுவுல நாக்கால 'டொக் டொக்'னு சத்தம் போடுவார். "அவர் பேசறதும் பாட்டுதான்மா. நீங்க ஆர்கனை மட்டும் எண்ணிக்கிட்டு இருந்தீங்க."

இந்த வார்த்தை அந்தம்மாவை எங்கேயோ தொட்டிருக்கணும். ரெண்டு வாரம் கழிச்சு என்கிட்ட தனியா சொன்னாங்க. தொண்ணூறுகளின் நடுவுல ஒரு பெரிய ஹால்ல அவரோட கச்சேரி. அவர் ஜேம்ஸ் பிரவுன் மாதிரி ஆடிப் பாடினார், பேசினார், ஆர்கனை எடுக்கவே இல்லை. நாற்பது நிமிஷம் பாத்துட்டு, அடுத்த தடவை சின்ன இடத்துல பாத்துக்கலாம்னு எழுந்து வந்துட்டாங்க. புற்றுநோய், அப்புறம் நினைவில்லாமலே சில மாசம், 1998 ஜனவரி 15-ல் போய்ச் சேர்ந்துட்டார். "நான் வெளியே வந்தப்புறம் வாசிச்சிருப்பாரோ?" என்று என்னைக் கேட்டாங்க. நான் பொறக்கறதுக்கே முன்னாடி நடந்த கச்சேரி. என்னத்தைச் சொல்ல?

இந்த ஆளைக் கேட்டு ஊரே மாறினவங்களும் உண்டு. ஆர்மிடேஜ் தெருவுல 1984-லேர்ந்து ரோசாஸ் லவுஞ்ச்னு ஒரு ப்ளூஸ் கிளப். அதை ஆரம்பிச்ச டோனி மஞ்சுல்லோ இத்தாலிக்காரர். அங்கே ஜூனியர் வெல்ஸைப் பாத்துட்டுத்தான் சிகாகோ வந்தார். பின்னாடியே வந்த அம்மா பேர்லதான் கிளப். பி.எச்.டிக்காக ஊரை விட்டு வர்ற நம்மளை விட இது நல்ல காரணம்னு தோணுது.

பெரியவர் அந்த ரெக்கார்டை ஏன் திரும்பத் திரும்பப் போடறார்னு கடைசியாத்தான் புரிஞ்சுது. 1975-ல் அந்த பார்லயே பதிவு பண்ணி, டெல்மார்க் கம்பெனி 2006-ல் வெளியிட்டது. பாட்டுக்கு நடுவுல அவர் ஆளுங்களோட அடிக்கிற அரட்டையையும் வெட்டாம விட்டு வெச்சிருக்காங்க. ஒரு இடத்துல போனை நிறுத்தி, பின்னாடி தள்ளி, மறுபடி போட்டார். கூட்டத்துலேர்ந்து ஒரு குரல் ஏதோ கத்துது.

"அது நான்," என்றார்.

வீட்டுல ஹெட்போன் போட்டு இருபது தடவையாவது கேட்டிருப்பேன். ஒரே நேரத்துல நாலைஞ்சு பேர் கத்தறாங்க, கிளாஸ் சத்தம் வேற. இன்னார் குரல்னு யாராலும் சொல்ல முடியாது. இவருக்கு அப்ப இருபது, இருபத்திரண்டு வயசு இருந்திருக்கும்.

போன ஞாயிறு மூட்டையை இறக்கி வைக்கறதுக்குள்ளேயே கேட்டார், "கேட்டியா தம்பி?"

"கேட்டேங்க. உங்க குரலேதான்."

அந்தம்மா மடிக்கிறதை நிறுத்திட்டு என்னைப் பாத்தாங்க. ஒண்ணும் சொல்லலை. அப்புறம் அவர் பக்கத்துல நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டு, "எனக்கும் போட்டுக் காட்டுங்க," என்றார்கள்.

(சி சுருதியில ஒரு மவுத் ஆர்கன் வாங்கியிருக்கேன். ரெண்டாவது ஓட்டையில சுரம் வளைய மாட்டேங்குது. ரூம்மேட் வேற வீடு தேடறான்.)