கடன் அட்டையை நீட்டினால் கடைக்காரர் என்ன செய்வது?

"இன்று ரொக்கம், நாளை கடன்" என்ற பலகையைப் பார்க்காதவர் யார்? பலகை சுவரில் தொங்கும். அதன் கீழேயே கடன் நோட்டும் இருக்கும்! "அண்ணாச்சி, எழுதிக்கொள்ளுங்கள், ஒண்ணாம் தேதி தருகிறேன்" என்று தெரிந்தவர் கேட்டால், இல்லை என்று சொல்ல முடிகிறதா? ஒண்ணாம் தேதி வரும், ஆள் வரமாட்டார். அடுத்த தெருக் கடையில் சாமான் வாங்கத் தொடங்கிவிடுவார். கடனும் போயிற்று, வாடிக்கையும் போயிற்று.

இப்போது வாடிக்கைக்காரர் கடன் அட்டையை நீட்டுகிறார். பாங்கி கமிஷன் பிடிக்குமே என்று சின்னக் கடைக்காரர் தயங்குகிறார். ஏற்கலாமா, கூடாதா?

60 ஆயிரம் அட்டைகள்

அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், பிரெஸ்னோ என்று ஒரு நகரம். 1958-ம் ஆண்டு செப்டம்பரில் "பாங்க் ஆப் அமெரிக்கா" என்ற பாங்கி, அங்கே 60 ஆயிரம் பேருக்குக் கடன் அட்டையைத் தபாலில் அனுப்பியது. யாரும் கேட்கவில்லை, தானாகவே அனுப்பியது! அந்த அட்டைதான் 1976-ல் "விசா" என்று பெயர் மாறியது.

அதை முதலில் ஏற்ற வியாபாரிகள் யார்? "சியர்ஸ்" போன்ற பெரிய கம்பெனி சேரவில்லை. கடன் கொடுத்து வசூலிக்க அதனிடம் சொந்த ஆட்கள் இருந்தார்கள். சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் சின்னக் கடைக்காரர்கள்தான். 100 டாலர் விற்பனைக்கு 6 டாலர் கமிஷன். அவ்வளவு கொடுத்தும் ஏன் சேர்ந்தார்கள்? கணக்கு எழுதுவது, பில் அனுப்புவது, பாக்கிக்கு நடையாய் நடப்பது எல்லாம் ஒழிந்தது.

நூற்றுக்கு 4 பேர் பணம் கட்டத் தவறுவார்கள் என்று பாங்கி கணக்குப் போட்டது. தவறியவர்களோ 22 பேர்! திருட்டு அட்டைகள் வேறு. இரண்டு ஆண்டுகளுக்குள் 80 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டம். அந்த நஷ்டம் பாங்கியின் தலையில் விழுந்தது. பழைய முறைப்படி நோட்டில் எழுதியிருந்தால், கடைக்காரர் தலையில் விழுந்திருக்கும்.

அரிசியும் புடவையும்

நம் ஊர்க் கணக்கைப் பார்ப்போம். கடன் அட்டைக்குக் கமிஷன் நூற்றுக்கு 2 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 1,000 ரூபாய்க்குப் புடவை விற்று 200 ரூபாய் லாபம் பார்ப்பவருக்கு 20 ரூபாய் பெரிதல்ல. 1,000 ரூபாய்க்கு அரிசி விற்று 40 ரூபாய் பார்ப்பவருக்கோ பாதி லாபம் போய்விடும்! ஜவுளிக்காரர் தாராளமாக ஏற்கலாம். மளிகைக்காரர் யோசிக்கத்தான் வேண்டும்.

அவர் தம் கடன் நோட்டைப் புரட்டிப் பார்க்கட்டும். எழுதிய ஒவ்வோர் 1,000 ரூபாயிலும் 20 ரூபாய்க்கு மேல் வராமல் போகிறதா? அப்படியானால் அட்டைதான் மலிவு.

ஆனால் ஒன்று. நோட்டில் எழுதச் சொல்பவரிடம் அட்டை இருக்குமா? மாதச் சம்பளக்காரருக்குத்தான் பாங்கி எளிதில் அட்டை கொடுக்கிறது. தினக்கூலி வாங்கும் அம்மாளுக்கு அண்ணாச்சியின் நோட்டுதான் கதி. மெஷின் வைத்தாலும் அந்த நோட்டு போகாது.

கமிஷன் இல்லாத வழியும் இருக்கிறது. பாங்கிக் கணக்கிலிருந்து செல்போனில் யு.பி.ஐ. மூலம் நேராக அனுப்பும் பணத்துக்கும், "ரூபே" டெபிட் அட்டைக்கும் 2020 ஜனவரி முதல் கடைக்காரரிடம் கமிஷன் பிடிக்கக்கூடாது என்பது விதி. கையில் காசுள்ளவர் அப்படிக் கொடுத்தால் இருவருக்கும் நல்லது.

மெஷின் வாங்குமுன் மாத வாடகை எவ்வளவு என்று கேளுங்கள். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் வாடகை உண்டா என்றும் கேளுங்கள். ரசீதுகளைப் பத்திரமாக வையுங்கள். "நான் வாங்கவே இல்லை" என்று ஒருவர் பாங்கியில் புகார் செய்தால், ரசீதைக் காட்டாத கடைக்காரரிடமிருந்து பணம் திரும்பப் போய்விடும்.

அட்டைப் பணம் பெரும்பாலும் மறு வேலை நாளில்தான் கணக்குக்கு வரும். சனிக்கிழமை இரவு விற்ற பணம் திங்கட்கிழமை வரை வராமல் போகலாம். ஞாயிறு விடியற்காலையில் கோயம்பேட்டில் காய்கறி எடுப்பவர், அதற்கு வேறு ரொக்கம் வைத்துக்கொள்ள வேண்டும்.