பாத்திரமும் கபாலமும்

மணமக்களுக்கு அன்பளிப்பாகக் கொடுக்கும் எவர்சில்வர்ப் பாத்திரத்திலே, கொடுப்பவர் பெயரையும் திகதியையும் பொறிப்பது தமிழரிடையே நெடுநாள் வழக்கம். பெயருக்குரியவர் மறைந்து பல்லாண்டு கழிந்த பின்னும் அப்பாத்திரம் அடுக்களையிற் பளபளத்துக் கொண்டிருக்கும். ஈமச் சடங்கிலே உடைபடுவது மட்குடம். எவர்சில்வரோ உடைவதில்லை, குரோமியம் கலந்த உருக்காதலின் எளிதில் துருவேறுவதுமில்லை. மனிதனுக்குப் பின்னும் நிலைக்கும் இப்பொருளைக் கொண்டே சாவின் உருவத்தைச் சமைத்தார் இந்தியக் கலைஞர் சுபோத் குப்தா.

1964இல் பீகாரிலே பிறந்த குப்தா, பாட்னாக் கலைக் கல்லூரியில் ஓவியம் பயின்றவர். 2006இல் அவர் எவர்சில்வர்ப் பாத்திரங்கள் பலவற்றை ஒன்றாக இணைத்து, மாபெரும் மண்டையோடு ஒன்றை உருவாக்கினார். அதன் நிறை ஏறத்தாழ 1,000 கிலோகிராம். ‘மிகப் பசித்த தெய்வம்’ என்பது அதற்கு அவர் இட்ட பெயரின் பொருள். முதலிற் பாரிசில் ஒரு தேவாலயத்திலும், மறு ஆண்டு வெனிசு நகரின் பெருங் கால்வாய்க் கரையிலும் அது வைக்கப்பட்டது. கடையிலே புதுப் பாத்திரத்தைக் கையிலெடுத்துப் பார்ப்பவர்க்குத் தம் முகம் தெரியும்; இங்கே அம்முகம் ஒரு கபாலத்தின் மேல் தெரிகின்றது.

இக்கருத்து முற்றிலும் புதியதன்று. ஒல்லாந்தர் யாழ்ப்பாணக் கோட்டையைக் கைப்பற்றிய அதே பதினேழாம் நூற்றாண்டில், அவர்தம் நாட்டு ஓவியர்கள் விலையுயர்ந்த பண்டங்களினிடையே மண்டையோட்டைத் தீட்டி வந்தனர். 2007இல் ஆங்கிலக் கலைஞர் டேமியன் கேர்ஸ்ட், பிளாட்டினத்தாலான கபாலத்தில் 8,601 வைரங்களைப் பதித்தார். வியப்புக்குரியதே, ஆயினும் வைரம் எத்தனை வீடுகளில் உண்டு? கிண்ணமும் செம்பும் இல்லாத வீடு ஏது? அவ்வகையிற் குப்தாவின் படைப்பே நெஞ்சை நெருங்குகின்றது. சைவர்க்கோ அது பழகிய உருவமுமாம். பிச்சாடனர் கையிலுள்ள பிரமகபாலம் எவ்வளவு இட்டாலும் நிரம்பாதது. அங்கே கபாலம் பாத்திரமாயிற்று; இங்கே பாத்திரம் கபாலமாயிற்று.

வெனிசிலே கண்டவர்க்கு இச்சிற்பம் வாங்கும் வேட்கையையும் அதன் முடிவையும் உணர்த்தியிருக்கும். பரந்தனிலுள்ள ஒருவர் அதன் படத்தைக் காண்பாராயின், நினைவு வேறு திசையிற் செல்லும். பரந்தன் சந்தியிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் ஏ-35 வீதி வழியே, 2009இன் தொடக்கத்தில் மக்கள் தட்டுமுட்டுச் சாமான்களுடன் கிழக்கு நோக்கி இடம்பெயர்ந்தனர். போர் முடிந்தபோது, முள்ளிவாய்க்கால் மணலிலே பாத்திரங்களும் துவிச்சக்கர வண்டிகளும் பயணப் பெட்டிகளும் உரியவரின்றிச் சிதறிக் கிடந்தன. அங்கே பாத்திரங்களை வெறுமையாக்கியது வேட்கையன்று.

இவ்வேறுபாட்டை அறிந்தவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஓவியர் தா. சனாதனன். 2004இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்திலே, அவ்வூர் இல்லங்களிற் பெற்ற அன்றாடப் பொருள்களையே அவர் காட்சியாக்கினார். பொருள்களைக் கொண்டு புதிதாக ஓர் உருவம் சமைக்க அவர் முற்படவில்லை. அவை அவையாகவே இருந்தன. இழந்தவனுக்கு ஒரு சிறு கிண்ணம் கிண்ணமாக இருத்தலே போதும் போலும்.

வன்னியில் ஆண்டுதோறும் மே மாதத்தில், போரின் இறுதி நாள்களில் மாண்டோர் நினைவாகக் கஞ்சி காய்ச்சி வழங்குகின்றனர். அதைப் பெரும்பாலும் சிரட்டையிலேயே வார்த்துக் கொடுப்பர்.