சென்னபட்டணாவின் மரக்குதிரையும் 45 நாள் கெடுவும்

உள்நாட்டில் உற்பத்தியான பொருள்களையே வாங்குவோம் என்னும் அழைப்பு நம் நாட்டில் 1905-ஆம் ஆண்டின் சுதேசி இயக்கக் காலம் முதலே ஒலித்து வருகிறது. அவ்வழைப்போடு அரசின் நடவடிக்கைகளும் சேரும்போது என்ன நிகழ்கிறது என்பதை அறிய, வீட்டிலுள்ள குழந்தைகளின் பொம்மைகளைக் கவனித்தாலே போதும்.

2018-19-ஆம் நிதியாண்டில் இந்தியா ஏறத்தாழ 37 கோடி டாலர் மதிப்புள்ள பொம்மைகளை இறக்குமதி செய்தது. 2021-22-இல் அது 11 கோடி டாலராகச் சுருங்கியது. அதே காலத்தில் ஏற்றுமதி 20 கோடியிலிருந்து 32 கோடி டாலரைத் தாண்டியது. இதற்கு இரண்டு நடவடிக்கைகள் முக்கியக் காரணங்களாயின. பொம்மைகள் மீதான சுங்க வரி 2020-இல் 20 விழுக்காட்டிலிருந்து 60 விழுக்காடாக உயர்ந்தது. 2023-இல் அது 70 ஆனது. மேலும், 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகள் ஐ.எஸ்.ஐ. முத்திரை பெற்றிருக்க வேண்டும் என்னும் விதி 2021 ஜனவரி முதல் நாளன்று நடைமுறைக்கு வந்தது. இவ்விதி உள்நாட்டு உற்பத்தியாளருக்கும் பொருந்தும். வரியைவிட இந்தத் தர விதியே நீடித்த பயன் தரக்கூடியது என்பது என் கருத்து. வரியின் சுமையை இறுதியில் வாங்குபவரே தாங்குகிறார். தரமோ அவர் வீட்டுக் குழந்தையைக் காக்கிறது.

பெங்களூரிலிருந்து மைசூரு செல்லும் சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது சென்னபட்டணா. புவிசார் குறியீடு பெற்ற மரப்பொம்மைகளின் ஊர் இது. வெட்பாலை மரத்தை நன்கு உலர்த்தி, கடைசல் பட்டறையில் சுழலவிட்டு உளியால் வடிவம் கொடுக்கிறார்கள். சுழன்றுகொண்டிருக்கும்போதே சாயம் கலந்த அரக்குக் குச்சியை அதன்மேல் அழுத்துவார்கள். உராய்வின் வெப்பத்தில் அரக்கு உருகி மரத்தின் மேல் படியும். பின்னர் தாழை மடலால் தேய்க்க, பளபளப்பு வந்துவிடும். இந்த முறையில் மஞ்சள் போன்ற தாவரச் சாயங்களைப் பயன்படுத்த முடிகிறது. கிலுகிலுப்பை, பம்பரம், மரக்குதிரை என உருவாகும் பொருள்களில் கூர்முனைகளும் குறைவு. மலிவான நெகிழிப் பொம்மைகள் சந்தையை நிரப்பிய காலத்தில் தள்ளாடிய தொழில் இது.

இங்கே ஒரு வங்கி அலுவலரின் பார்வை சற்று வேறுபடும். விற்பனை கூடியதாலேயே ஒரு பட்டறை பிழைத்துவிடுவதில்லை. மரமும் அரக்கும் ரொக்கத்துக்கே கிடைக்கின்றன. கூலியை வாரந்தோறும் கொடுத்தாக வேண்டும். பொம்மைகளோ பெரும்பாலும் கடனுக்கே கடைக்குச் செல்கின்றன. ஓர் எடுத்துக்காட்டு: ஒரு இலட்சம் ரூபாய்க்குச் சரக்கு அனுப்பியவரின் இலாபம் பத்தாயிரம் ரூபாய் என்று கொள்வோம். பணம் 90 நாள்கள் தாமதமாகி, அதுவரை அவர் 12 விழுக்காடு வட்டியில் கடன் வாங்கிச் சமாளித்தால், ஏறத்தாழ மூவாயிரம் ரூபாய் வட்டிக்கே போய்விடும். ஏட்டில் இலாபம் இருக்கும். அடுத்த சுமை மரம் வாங்கக் கையில் காசிராது. வணிகவியல் மாணவர் முதலாண்டிலேயே படிக்கும் இந்த வேறுபாடு, பட்டறைகளை மூடவும் வைக்கிறது.

சட்டம் இதை அறியாமல் இல்லை. 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்துபூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாள்களுக்குள் பணம் தரப்பட வேண்டும். தவறினால், வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு வட்டியை, மாதந்தோறும் கூட்டு வட்டியாகக் கணக்கிட்டுத் தர வேண்டும். வருமான வரிச் சட்டத்தில் 2023-இல் வந்த திருத்தத்தின்படி, கெடு தாண்டிய நிலுவையை உண்மையில் செலுத்திய ஆண்டில்தான் செலவாகக் காட்ட முடியும். இருப்பினும், பெரிய வாடிக்கையாளரை இழந்துவிடுவோமோ என்ற அச்சத்தால் சிறு உற்பத்தியாளர் வட்டி கேட்கத் தயங்குவது இயல்பு. பெரிய நிறுவனங்கள் ஏற்றுக்கொண்ட பில்களைத் தள்ளுபடியில் விற்று முன்னதாகவே பணம் பெற உதவும் 'டிரெட்ஸ்' மின்தளங்கள் அத்தகையோருக்கு ஏற்றவை. இவை அனைத்துக்கும் முதற்படி கட்டணமில்லாத உத்யம் பதிவு. அது இல்லாதவருக்கு 45 நாள் கெடுவின் பாதுகாப்பைக் கோருவது கடினம்.

பொம்மை செய்வோர் 2023-இல் தொடங்கிய பி.எம். விஸ்வகர்மா திட்டத்தின் 18 தொழில்களுள் ஒன்றில் அடங்குவர். பிணையின்றி முதலில் ஒரு இலட்சம் ரூபாயும், அதைத் திருப்பிச் செலுத்தியபின் இரண்டு இலட்சம் ரூபாயும் 5 விழுக்காடு வட்டியில் இத்திட்டத்தில் கிடைக்கும்.

வாங்குபவர்களுக்கு ஒரு குறிப்பு. தொழிற்சாலைப் பொம்மையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையைப் பாருங்கள். பதிவுபெற்ற கைவினைஞர்களுக்கும் புவிசார் குறியீடு பெற்ற பொருள்களுக்கும் அவ்விதியில் விலக்கு உண்டு. ஆகவே, தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையிலோ கொண்டபள்ளிப் பொம்மையிலோ முத்திரை இல்லையென்று ஐயுற வேண்டியதில்லை. கடை நடத்தும் வாடிக்கையாளர்கள் நவராத்திரிக்குச் சரக்கெடுக்கும்போது, விற்பவர் உத்யம் பதிவு பெற்றவரா என்று கேட்டு, பில் தேதியிலிருந்து பணம் செலுத்த வேண்டிய நாளைக் கணக்கேட்டில் அப்போதே குறித்துக்கொள்ளலாம். அந்த நாளிலேயே பணம் போய்ச் சேருமாறு இணைய வங்கியில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிடவும் முடியும்.