பசி தீராத பூனை

காலையில் எழுந்ததும் வீட்டுப் பூனை உங்கள் காலைச் சுற்றிச் சுற்றி வருகிறது. தட்டில் தீனி போடுகிறீர்கள். இரண்டே நிமிடத்தில் காலி. மறுபடியும் கத்துகிறது, மறுபடியும் போடுகிறீர்கள். "நல்லா சாப்பிடுதே, உடம்புக்கு ஒன்றும் இல்லை" என்று வீட்டில் எல்லாருக்கும் நிம்மதி. ஆனால் தூக்கிப் பாருங்கள்: முதுகெலும்பு கையில் தட்டுப்படுகிறது. தண்ணீர்க் கிண்ணம் சீக்கிரம் வற்றுகிறது. மணல் தொட்டியோ முன்பைவிட அதிகமாக நனைந்து கிடக்கிறது.

நிறையத் தின்றும் இளைக்கிற பூனைக்கு நீரிழிவு நோய் இருக்கலாம். தைராய்டு சுரப்பி மிகையாக வேலை செய்தாலும் இப்படி ஆகும் என்பதால், ரத்தத்தையும் சிறுநீரையும் பரிசோதித்தால்தான் எதுவென்று தெரியும். சிங்கப்பூரில் 2024 செப்டம்பர் 1 முதல் வீவக வீடுகளில் இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாகிவிட்டது. உங்களில் பலர் வீட்டில் இப்போது பூனை இருக்கும். நான்கு சுவருக்குள் வாழும் பூனை ஓடுவது குறைவு. தட்டு மட்டும் நாள் முழுவதும் நிறைந்தே இருக்கும். எடை கூடிய, கருத்தடை செய்யப்பட்ட, நடுவயதைத் தாண்டிய ஆண் பூனைகளுக்கே இந்நோய் அதிகம் வருகிறது.

தின்றது எங்கே போகிறது? உணவிலிருந்து வரும் குளுக்கோஸ் ரத்தத்தில் ஓடுகிறது. அது தசைக்குள்ளும் கொழுப்பு உயிரணுக்களுக்குள்ளும் நுழைய, கணையம் சுரக்கும் இன்சுலின் வழிவிட வேண்டும். இன்சுலின் போதாமலோ, இருந்தும் உடல் அதற்கு மசியாமலோ போனால் வாசலில் சாப்பாடு குவிந்து கிடக்க, வீட்டுக்குள் பட்டினி. தசையையும் கொழுப்பையும் கரைத்து உடல் சமாளிக்கிறது, எடை இறங்குகிறது. இன்சுலினுக்கு இன்னொரு வேலையும் உண்டு: "போதும், வயிறு நிறைந்தது" என்று மூளைக்குச் சொல்லும் செய்திகளில் அதுவும் ஒன்று. அந்தச் செய்தி மங்கிவிடுவதால் பூனைக்குப் பசி அடங்குவதில்லை. அது பேராசைப்பட்டுக் கத்தவில்லை; உண்மையிலேயே பசிக்கிறது.

இடையில் சிறுநீரகத்தின் கதை. மனிதருக்கு ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிமோலைத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை கசியும். பூனைக்கு அந்த எல்லை 15 அளவில் இருக்கிறது. கசியும் சர்க்கரை தண்ணீரையும் இழுத்துக்கொண்டு போவதால்தான் அந்தத் தீராத தாகம்.

இதில் ஒரு வேடிக்கை: பூனைக்கு இனிப்பின் சுவையே தெரியாது. இனிப்பை உணரும் புரதத்தின் ஒரு பாதியை உருவாக்கும் மரபணு பூனையிடம் பழுதாகிக் கிடக்கிறது என்று 2005ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். எலியையும் பறவையையும் பிடித்துத் தின்று வாழ்ந்த விலங்குக்கு இனிப்பு எதற்கு? அதன் உமிழ்நீரில் மாவுச்சத்தைச் செரிக்கும் நொதி இல்லை. இறைச்சியின் புரதத்திலிருந்தே அதன் கல்லீரல் ஓயாமல் குளுக்கோஸ் தயாரித்துக்கொள்கிறது. திடீரென்று நிறையக் குளுக்கோஸ் வந்து சேர்ந்தால் அதை விரைவாகப் பிடித்துச் சேமிக்கும் திறன் அந்தக் கல்லீரலுக்குக் குறைவு. மாவுச்சத்துதான் நோயை உண்டாக்குகிறது என்று அடித்துச் சொல்ல முடியாது, உடற்பருமனே பெரிய காரணம். ஆனால் நோய் வந்துவிட்ட பிறகு, மாவுச்சத்து குறைந்து புரதம் நிறைந்த உணவு பெரிய உதவி.

கடையில் பொட்டலத்தை எடுத்துப் பார்த்தால் மாவுச்சத்து எவ்வளவு என்று பெரும்பாலும் எழுதியிருக்காது. நீங்களே கணக்குப் போடலாம். புரதம், கொழுப்பு, நார்ச்சத்து, ஈரப்பதம், சாம்பல் ஆகிய ஐந்தின் விழுக்காட்டையும் கூட்டி 100லிருந்து கழியுங்கள். ஓர் உலர் தீனியில் இவை 32, 12, 4, 10, 7 என்று வைத்துக்கொள்வோம். கூட்டினால் 65, மீதி 35. டின் உணவு ஒன்றில் 11, 5, 1, 80, 2 என்றால் மீதி வெறும் 1. டின்னில் பெரும்பகுதி தண்ணீர் என்பதால் ஈரத்தை நீக்கிவிட்டு ஒப்பிடுவதுதான் நியாயம்: முதலாவதில் 90ல் 35, அதாவது ஏறக்குறைய 39 விழுக்காடு, இரண்டாவதில் 20ல் 1, அதாவது 5 விழுக்காடு. உலர் தீனியை உருண்டையாகப் பிடித்து வைக்கவே மாவு தேவைப்படுகிறது. விலை உயர்ந்த பொட்டலமாயிற்றே என்று நினைத்து இந்தக் கணக்கைப் போடாமல் விட்டுவிடாதீர்கள். பொட்டலத்தில் இருப்பது பெரும்பாலும் குறைந்த அளவு, கூடிய அளவுதான் என்பதால் விடை தோராயமாகவே வரும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஏற்கெனவே இன்சுலின் போடும் பூனைக்கு, மருத்துவரிடம் சொல்லாமல் உணவை மட்டும் மாற்றாதீர்கள். உணவிலிருந்து வரும் சர்க்கரை சட்டென்று குறைய, பழைய அளவு இன்சுலின் தொடர்ந்தால், ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும்.

"குண்டாக இருக்கிறதே, இரண்டு நாள் பட்டினி போடலாமா?" கூடவே கூடாது. குண்டான பூனை சில நாள் சாப்பிடாமல் இருந்தால் உடல் கொழுப்பு மொத்தமாகக் கல்லீரலில் போய்ப் படியும். அது உயிரையே பறிக்கலாம். எடையை மெதுவாகத்தான் இறக்க வேண்டும். வாரத்துக்கு உடல் எடையில் 1 விழுக்காடு போதும். 6 கிலோ பூனைக்கு அது 60 கிராம்தான். தீனியைக் கையால் அள்ளிப் போடாமல் சமையலறைத் தராசில் நிறுத்துப் போடுங்கள். மெலிந்துபோன பூனைக்கோ கூடுதலாகவே தரவேண்டியிருக்கும்.

இயல்பாகவே பூனை ஒரே வேளையில் வயிறு முட்டத் தின்னும் விலங்கன்று. வேட்டையாடும் பூனை நாளுக்குப் பத்துக்கும் மேற்பட்ட சிறு இரைகளைத் தின்னும். ஆகவே மொத்த அளவை மாற்றாமல் நான்கைந்து வேளையாகப் பிரித்துக் கொடுக்கலாம். பள்ளி நேரத்தில், குறித்த நேரத்துக்குத் திறக்கும் தானியங்கித் தட்டு கைகொடுக்கும். இன்சுலின் ஊசி வழக்கமாக 12 மணி நேரத்துக்கு ஒருமுறை.

இனி, உங்கள் கையில் முடிவு இருக்கும் ஒரு காலை நேரம். அம்மா வேலைக்குக் கிளம்பிவிட்டார். பள்ளிப் பேருந்துக்கு இன்னும் பத்து நிமிடம். ஊசி போட வேண்டும், ஆனால் பூனை தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. வழக்கமான அளவைப் போட்டுவிட்டு ஓடாதீர்கள். நீரிழிவுப் பூனையின் பசியைவிடப் பசியின்மையே ஆபத்தானது. முதலில் உணவு, பிறகு ஊசி. சாப்பிடவில்லை என்றால் மருத்துவரை அழைத்துக் கேட்ட பிறகே ஊசி. அதோடு வாந்தியும் சோர்வும் இருந்தால், ரத்தத்தில் கீட்டோன் அமிலங்கள் பெருகியிருக்கக்கூடும், உடனே மருத்துவமனைதான்.

ஊசி போட்ட பூனை தள்ளாடினாலோ நடுங்கினாலோ சர்க்கரை இறங்கிவிட்டது என்று சந்தேகியுங்கள். விழுங்க முடிந்தால் உணவு கொடுங்கள். வலிப்பு வந்தால் வாய்க்குள் எதையும் ஊற்றக்கூடாது, விரலையும் விடக்கூடாது. கொஞ்சம் தேனை ஈறின் வெளிப்பக்கம் தடவிக்கொண்டு மருத்துவரிடம் விரையுங்கள். பாட்டியின் சர்க்கரைக் கருவி பூனையின் ரத்தத்தில் உள்ளதைவிடக் குறைவாகக் காட்டக்கூடும். பூனைக்கென்றே கருவிகள் உண்டு. இன்னொன்று, அப்பா போட்ட ஊசியை நீங்களும் போட்டுவிடும் தவறு எந்த வீட்டிலும் நடக்கும். குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒரு நாட்காட்டி ஒட்டி, போட்டவர் உடனே கையெழுத்திடட்டும். போட்டாயிற்றா என்று சந்தேகம் வந்தால் மறுபடி போடாதீர்கள்.

அதே நாட்காட்டியில் பசி, தண்ணீர், எடை மூன்றையும் குறித்துவாருங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்தால் சில வாரங்களில் அந்த வெறித்தனமான பசி தணியும். அளவைக் கூட்டிக்கொண்டே போயும் தணியவில்லை என்றால், மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் சிறு கட்டி உண்டாகி, வளர்ச்சி ஹார்மோன் மிகையாகச் சுரக்கிறதா என்று மருத்துவர் பார்ப்பார்.

நோயைச் சீக்கிரம் கண்டுபிடித்து, இன்சுலினையும் உணவையும் ஒழுங்குபடுத்திய பூனைகளில் கணிசமானவற்றுக்குச் சில மாதங்களில் ஊசியே தேவைப்படாமல் போகிறது. மனிதரின் இரண்டாம் வகை நீரிழிவை ஆராய்பவர்களும் இதை ஆவலோடு கவனிக்கிறார்கள். ஆனால் நோய் திரும்பவும் கூடும். எனவே ஊசி நின்ற பிறகும் வாரம் ஒருமுறை பூனையைத் தூக்கிக்கொண்டு தராசில் ஏறி நில்லுங்கள். பிறகு பூனையை இறக்கிவிட்டு ஏறி, உங்கள் எடையைக் கழித்துக்கொள்ளுங்கள்.