பழைய டிராக்டருக்குப் புதுச் சுவிட்ச்

டிராக்டர் என்றதும் நம் நினைவுக்கு வருவது வயலில் சேறு தெறிக்க உழுகின்ற பெரிய வண்டியே. அது டீசலில் ஓடுவது. டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. அமுக்கப்பட்ட காற்றின் வெப்பமே எண்ணெயை எரியச் செய்கிறது. எண்ணெயை அடைத்தால் எஞ்சின் நின்றுவிடும்.

அமெரிக்காவில் வேறொரு டிராக்டர் உண்டு. வீட்டைச் சுற்றிப் பரந்த புல்வெளி உடையோர், புல் வெட்டவும் பனி தள்ளவும் வைத்திருக்கும் சிறிய தோட்ட டிராக்டர் அது. இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960களின் தொடக்கத்தில் வெளியிட்ட 'கப் காடெட்', ஜான் டீர் நிறுவனம் 1963-இல் வெளியிட்ட '110' ஆகியவை இவ்வகையில் பெயர் பெற்றவை. இவை பெட்ரோலில் ஓடுவன. ஆகவே தீப்பொறி வேண்டுவன. அறுபது ஆண்டுகள் கடந்தும் இவற்றுள் பல இன்னும் உழைக்கின்றன. மேற்படிப்புக்காகக் கடல் கடந்து செல்லும் நம் நண்பர்கள், தாம் குடியிருக்கும் வீட்டின் கொட்டகையிலேயே இப்படி ஒன்றைக் காணக்கூடும்.

இவ்வண்டிகளில் அடிக்கடி பழுதாகும் உறுப்பு சாவிச் சுவிட்ச். அதை மாற்றுவது அரை மணி நேர வேலை. ஆயினும் ஓர் உண்மையை அறியாமல் மாற்றினால் எஞ்சின் கெடும். நிறுத்த முடியாத எஞ்சினால் கைவிரலும் போகும். அவ்வுண்மை யாது?

ஆய்வுக்கூடத்தில் நாம் சாவியைச் செருகினால் மின்னோட்டம் பாயும், எடுத்தால் நிற்கும். எஞ்சினையும் அப்படித்தான் நிறுத்துகிறார்கள் என்று எண்ணுவது இயல்பு. ஒரு வகை எஞ்சினுக்கு அது சரி. மற்றொரு வகைக்கு நேர்மாறு.

முதல் வகை, பாட்டரியால் தீப்பொறி பெறுவது. செல்ப் மோட்டாருடன் வந்த பழைய கோலர் எஞ்சின்கள் பல இவ்வகையின. 12 வோல்ட் பாட்டரியிலிருந்து மின்னோட்டம் சுவிட்ச் வழியாகக் கம்பிச்சுருளுக்குச் செல்கிறது. 'பாயிண்ட்' எனப்படும் தொடுமுனை அதனைத் தக்க நேரத்தில் அறுக்கிறது. அறுந்த கணத்தில் காந்தப்புலம் சரிகிறது. இரண்டாம் சுருளில் பல ஆயிரம் வோல்ட் எழுந்து ஸ்பார்க் பிளக்கில் பொறி தெறிக்கிறது. இங்கே சாவியை அணைத்தால் பாட்டரியின் இணைப்பு அறுகிறது; எஞ்சின் நிற்கிறது.

இரண்டாம் வகை, மாக்னீட்டோ. பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின்கள் பலவற்றில் இதைக் காணலாம். சுழலும் சக்கரத்தில் பதித்த காந்தம் கம்பிச்சுருளைக் கடந்து செல்லும்போதெல்லாம் தானே மின்னோட்டத்தை எழுப்புகிறது. பாட்டரியைக் கழற்றி எறிந்தாலும் பொறி வந்துகொண்டேயிருக்கும். அப்படியானால் எஞ்சினை நிறுத்துவது எப்படி? முதற் சுருளிலிருந்து ஒரு கம்பி சுவிட்சுக்கு வருகிறது. சாவியை அணைத்ததும் சுவிட்ச் அக்கம்பியை வண்டியின் உடலோடு, அதாவது 'எர்த்'துடன், இணைத்துவிடுகிறது. பாயிண்ட் திறந்தாலும் மின்னோட்டம் அறுவதில்லை, புலம் சரிவதில்லை, பொறியும் இல்லை. அணைப்பதற்காக இணைக்கிறோம்!

இவ்விரு சுவிட்சுகளும் புறத்தோற்றத்தில் இரட்டைப் பிள்ளைகள் போன்றவை. ஒரே அளவுத் துளையில் பொருந்தும்; பின்புறம் ஒரே எண்ணிக்கையில் முனைகள் இருக்கும். பாட்டரி வகைச் சுவிட்சை மாக்னீட்டோ எஞ்சினுக்குப் பொருத்தினால், சாவியைத் திருப்பியதும் 12 வோல்ட் மாக்னீட்டோவுக்குள் புகும். பாயிண்டும் சுருளும் கருகலாம். பாயிண்டுக்குப் பதில் மின்னணுக் கருவி இருந்தால் அது அப்போதே பாழாகும். அணைத்தாலோ எஞ்சின் நிற்காது. மாறாக, மாக்னீட்டோ சுவிட்சைப் பாட்டரி எஞ்சினுக்குப் பொருத்தினால் கம்பிச்சுருளுக்கு மின்சாரமே போகாது, எஞ்சின் கிளம்பாது.

எனவே வண்டி எவ்வகை என்பதை முதலில் அறிய வேண்டும். கைந்நூல் இருந்தால் அதுவே துணை. இல்லையேல் பழைய சுவிட்சை மல்டிமீட்டரால் சோதிக்கலாம். அணைத்த நிலையில் 'எம்' என்ற முனை 'ஜி' என்ற எர்த் முனையோடு இணைந்தால் அது மாக்னீட்டோ வகை. ஓடும் நிலையில் 'பி' என்ற பாட்டரி முனை 'ஐ' என்ற முனையோடு இணைந்தால் அது பாட்டரி வகை. முன்பு எவரேனும் தவறான சுவிட்சை மாட்டியிருக்கலாமாதலால், எஞ்சினையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நலம்: பிளக் கம்பி வெளியே தனித்திருக்கும் கம்பிச்சுருளுக்குச் சென்றால் பெரும்பாலும் பாட்டரி வகை, சக்கர மூடியின் உள்ளே சென்றால் பெரும்பாலும் மாக்னீட்டோ.

சுவிட்ச்தான் குற்றவாளியா என்பதையும் உறுதி செய்க. செல்ப் மோட்டாரின் பெரும் மின்னோட்டம் சுவிட்ச் வழியே செல்வதில்லை. சாலினாய்டு என்னும் இடையாளை இயக்கும் சிறு மின்னோட்டமே செல்கிறது. சாலினாய்டின் தடை 3 ஓம் என்றும், களிம்பேறிய சுவிட்சின் தடை 1 ஓம் என்றும் கொள்வோம். 12 வோல்ட்டில் 3 வோல்ட் சுவிட்சிலேயே தங்கிவிடும். ஆகவே சாவியைக் கிளப்பும் நிலையில் பிடித்து, 'பி' முனைக்கும் 'எஸ்' முனைக்கும் இடையே வோல்ட் அளந்து பாருங்கள். ஏறக்குறைய சுழி வந்தால் சுவிட்ச் நல்லது. பாட்டரி முனை, எர்த் கம்பி, இருக்கையடிப் பாதுகாப்புச் சுவிட்ச் இவற்றில் குறையைத் தேடுக. அப்பாதுகாப்புச் சுவிட்சைக் கம்பியால் பிணைத்து ஏமாற்றுதல் கூடாது.

இனி மாற்றும் முறை. பாட்டரியின் எர்த் இணைப்பையும் ஸ்பார்க் பிளக் கம்பியையும் கழற்றுக. ஒவ்வொரு கம்பியிலும் அது இருந்த முனையின் பெயரைச் சீட்டெழுதிக் கட்டுக. முன்புற வளைய நட்டைத் திருகி எடுத்தால் சுவிட்ச் பின்புறமாக வந்துவிடும். புதுச் சுவிட்சின் முனைகளை மூன்று நிலைகளிலும் மீட்டரால் சோதித்து, இருந்த இடத்தைப் பாராமல் செய்யும் தொழிலைப் பார்த்துக் கம்பிகளை மாட்டுக. மாக்னீட்டோ வண்டியாயின், பாட்டரியை மீண்டும் இணைத்தபின் சாவியை ஓடும் நிலையில் வைத்து, 'எம்' கம்பியில் பாட்டரி வோல்ட் இல்லை என்று கண்ட பிறகே பிளக் கம்பியை மாட்டுக. எஞ்சின் கிளம்பியதும் முதல் வேலை அதை அணைத்துப் பார்ப்பதே.

மாக்னீட்டோ வண்டியில் அந்த ஒற்றைக் கம்பி எங்கேனும் அறுந்திருந்தால், சாவி சட்டைப் பையில் இருக்கும்போதே எஞ்சினுக்குப் பொறி உண்டு. புல் அகற்றுவதற்காக வெட்டுத் தகட்டைக் கையால் திருப்பினால், அதனோடு எஞ்சினும் சுழன்று உயிர்பெறக்கூடும். ஆதலால் தகட்டருகே கை வைக்குமுன் சாவியை மட்டும் நம்பாதீர்கள். பிளக் கம்பியைக் கழற்றி ஒதுக்கி வையுங்கள்.