மருந்துக்கு மசியாத காசநோய்

தென்னாப்பிரிக்காவின் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் உள்ள சிற்றூர் டுகேலா ஃபெரி. 2005-06இல் அங்கே 53 பேரின் சளியில், முதல் வரிசை மருந்துகளோடு அடுத்த கட்ட மருந்துகளுக்கும் மசியாத காசநோய்க் கிருமி இருப்பது தெரியவந்தது. அவர்களில் 52 பேர் இறந்துபோனார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொண்ட 44 பேருக்கும் அந்தத் தொற்று இருந்தது.

மாத்திரையைப் பாதியில் விட்டவர்களுக்குத்தான் இந்த நிலை வரும் என்பது பொதுவான நினைப்பு. ஆனால், டுகேலா ஃபெரி நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய்க்கு மருந்தே எடுத்ததில்லை! எதிர்ப்புப் பெற்ற கிருமியே நேராகக் காற்றில் வந்து தொற்றியிருக்கிறது.

அந்த எதிர்ப்பு எங்கே பிறக்கிறது? நுரையீரலில் நுழையும் கிருமியை வெள்ளணுக்கள் விழுங்குகின்றன. ஆனால், அது அவற்றுக்குள்ளேயே பிழைத்துக்கொள்கிறது. உடனே நோய் எதிர்ப்பு அணுக்கள் திரண்டு, அதைச் சுற்றிக் கோட்டைச் சுவர்போல் வளைத்து நிற்கின்றன. இந்தக் கட்டிக்கு கிரானுலோமா என்று பெயர். பலருக்குக் கிருமி ஆயுள் முழுக்க அதற்குள்ளேயே அடங்கிக் கிடக்கும்.

சிக்கலும் அங்கேதான். கட்டியின் நடுப்பகுதிக்கு ரத்த ஓட்டம் இல்லாததால் சில மருந்துகள் அங்கே போதிய அளவில் போய்ச் சேர்வதில்லை. கட்டி உடைந்து நுரையீரலில் குழி விழுந்தால், அதில் கோடிக்கணக்கில் கிருமிகள் பெருகும். சுமார் 10 லட்சம் கிருமிகளில் ஒன்று, மருந்தையே பார்க்காமல், இயல்பான மரபணு மாற்றத்தால், முதல் வரிசை மருந்தான ஐசோனியாசிட்டை எதிர்க்கும் திறனோடு இருக்கும். ஒரே மருந்து கொடுத்தால் மற்றவை சாக, அது மட்டும் பெருகும். பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற மருந்தைத் தனியாகக் கொடுத்து, 1948இல் வெளியான ஆய்வில் இதுதான் தெரியவந்தது. அதனால்தான் இன்று கூட்டு மருந்து. அதிலும் ஒன்றிரண்டு மருந்துகள் மட்டும் குழிக்குள் எட்டினால், பழைய கதை திரும்பும்.

எச்.ஐ.வி.யால் நோய் எதிர்ப்புத் திறன் வெகுவாகக் குறைந்தவர்களுக்கு இந்தச் சுவர் சரியாக எழும்புவதில்லை. கிருமி உடல் முழுக்கப் பரவக்கூடும். சளியில் கிருமி குறைவாக இருப்பதால் நோயைக் கண்டறிவதும் தாமதமாகிறது.

மருந்துக்கு மசியாத காசநோய்க்கு முன்பு ஊசியோடு 18 மாதங்களுக்கு மேலும் நீண்ட சிகிச்சைக்குப் பதிலாக, பெடாகுவிலின், பிரிட்டோமனிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் சேர்ந்த 6 மாத மாத்திரைச் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022இல் பரிந்துரைத்தது. இந்தியாவும் 2024இல் ஒப்புதல் அளித்தது. ஆனால், பெடாகுவிலினையும் எதிர்க்கும் கிருமிகள் ஏற்கெனவே தலைகாட்டிவிட்டன.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் அரசு மருத்துவமனையில் இலவசமாகச் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். காசநோய் உறுதியானால், எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்ற பரிசோதனையையும் கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.