மழைக்காலக் கூடாரம்: மலையடிவாரம் கற்பித்த பாடங்கள்

ஐப்பசி பிறந்துவிட்டால் திருப்பதி வட்டாரத்து மலைகள் பச்சை உடுத்தத் தொடங்கிவிடும். தலகோனாவிலும் கைலாசகோனாவிலும் அருவி நீர் பெருகும். இக்காலத்தில் குடும்பத்தோடு மலையடிவாரத்தில் கூடாரம் அடித்து ஓர் இரவு தங்கி வரும் வழக்கம் நம் வாடிக்கையாளர்கள் பலரிடமும் பரவி வருகிறது. கிளைக்கு வருவோர் சிலர் இதுபற்றி என்னிடம் ஆர்வத்தோடு பேசுவதுண்டு. நல்ல வழக்கம்தான். ஆயினும், மலை அழகாயிருக்கும் அதே மாதங்கள்தான் இங்கு வடகிழக்குப் பருவமழை வலுக்கும் மாதங்களும் ஆகும். மழையில் கூடாரம் அடிப்பது எப்படி என்பதை நான் நூல் படித்துக் கற்கவில்லை. ஒரு தவறு செய்து கற்றேன். அதைச் சொல்லிவிட்டே அறிவுரைக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் மாதச் சனிக்கிழமை. புத்தூருக்கு அப்பால் மலையடிவாரத்தில் நண்பர் ஒருவரின் மாந்தோப்பு. நானும் மனைவியும் இரு குழந்தைகளும், உடன் பணியாற்றுபவர் குடும்பமும் சென்றிருந்தோம். தோப்பின் ஓரத்தில் ஓர் ஓடை, ஒரு சொட்டு நீர் இன்றி வெண்மணல் விரிந்து கிடந்தது. கல் இல்லை, முள் இல்லை, மேடு பள்ளம் இல்லை. இதைவிட நல்ல இடம் ஏது என்று அங்கேயே இரண்டு கூடாரங்களை அடித்து முடித்தோம்.

மாலையில் தோப்புக் காவலர் வந்தார். எழுபதை நெருங்கும் வயது. கூடாரங்களைப் பார்த்தார், மலையைப் பார்த்தார். "சார், இங்க வேணாம். மேல மோட்டார் கொட்டகைப் பக்கம் போட்டுக்குங்க" என்றார்.

"மழையே இல்லையே, பெரியவரே?" என்றேன்.

"இங்க இல்ல சார். மலையில இருக்குது" என்றார்.

ஒரு மணி நேர உழைப்பைப் பிரித்து மீண்டும் அடிக்க எனக்கு மனமில்லை. காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்றேன். அவர் வாதிடவில்லை, என் இளைய மகளின் கூடாரத்து முளைகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கத் தொடங்கினார். வேறு வழியின்றி நாங்களும் கைகொடுத்தோம். சமையல் பாத்திரங்களில் இரண்டை மட்டும் காலையில் கழுவிக்கொள்ளலாம் என்று மணலிலேயே விட்டுவிட்டோம்.

இரவு இரண்டு மணியளவில் லாரி ஓடுவது போன்ற இரைச்சல் கேட்டு விழித்தேன். டார்ச் விளக்கை அடித்துப் பார்த்தால், பிள்ளைகள் படுத்திருக்க வேண்டிய இடத்தில் செந்நிற வெள்ளம் மரக்கிளைகளைச் சுமந்து ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தலைமேல் அப்போதுதான் தூறல் தொடங்கியிருந்தது. பாத்திரங்கள் இரண்டும் போயின. நாங்கள் இழந்தது அவ்வளவே. அதற்கு மேல் இழக்காமல் காத்தது அந்தப் பெரியவரின் பிடிவாதம்.

இடம் தேர்தல்

இது தற்செயல் அன்று. சேஷாசல மலைத் தொடரும் நகரி மலைகளும் பெரும்பாலும் கெட்டியான குவார்ட்சைட் பாறையால் ஆனவை. செங்குத்தான சரிவில் மண் மெல்லியது. பெய்யும் நீரில் பெரும்பகுதி ஊறாமல் வழிந்து ஓடைகளில் சேர்ந்துவிடும். ஆகவே வறண்ட ஓடை சில நிமிடங்களில் காட்டாறாக மாறக்கூடும். 2021 நவம்பர் மாதத்தை இவ்வட்டாரத்தார் மறந்திருக்க மாட்டார்கள். அப்போது திருமலைப் படிக்கட்டுகளில் வெள்ளம் அருவியாக இறங்கிற்று. இராயலசெருவு ஏரி உடையுமோ என்று அஞ்சிச் சுற்றுக் கிராமத்தார் வெளியேற்றப்பட்டனர். கடப்பா மாவட்டத்தில் செய்யேற்றின் மீதிருந்த அன்னமய்யா அணை உடைந்து பலர் உயிரிழந்தனர்.

எனவே முதல் விதி: மணற்பாங்கான சமதளம் என்று மயங்கி ஓடைக்குள்ளும் அதன் கரையோரத்திலும் தங்கலாகாது. கரைச் செடிகளில் சிக்கிய சருகும் குச்சியும் எந்த உயரத்தில் தொங்குகின்றன என்று பாருங்கள். முன்பு வெள்ளம் அவ்வளவு உயரம் வந்திருக்கிறது என்பதற்கு அது சான்று. அதற்கு வெகு மேலே, லேசான சரிவுள்ள மேட்டைத் தேர்ந்தெடுங்கள். கிண்ணம் போன்ற பள்ளம், உளுத்த கிளைகளை உடைய மரத்தின் அடி, தனித்து நிற்கும் உயர்ந்த மரத்தின் அருகு, தளர்ந்த பாறைச் சரிவின் கீழ் ஆகிய நான்கையும் தவிருங்கள்.

ஓடைக்கு அப்பால் தங்கி, இரவில் நீர் பெருகிவிட்டால், கடக்க முயலாதீர்கள். முழங்கால் அளவு வெள்ளமே வேகமாக ஓடும்போது வளர்ந்த மனிதரை வீழ்த்திவிடும். மலை ஓடை ஏறியது போலவே விரைவில் இறங்கவும் செய்யும். காத்திருப்பதால் இழப்பது சில மணி நேரம் மட்டுமே.

புறப்படும் முன்

இந்திய வானிலை ஆய்வுத் துறை மாவட்டவாரியாக வண்ண எச்சரிக்கை வெளியிடுகிறது. ஆரஞ்சு, சிவப்பு வண்ணங்கள் இருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். 24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. முதல் பெய்வது கனமழை, 115.6 மி.மீ. முதல் மிகக் கனமழை, 204.5 மி.மீ. முதல் அதி கனமழை. தங்கும் ஊருக்கு மட்டுமன்றி, அதற்கு மேலுள்ள மலைப் பகுதிக்கும் முன்னறிவிப்பைப் பாருங்கள். இடி மின்னலுக்கென 'தாமினி' என்னும் கைப்பேசிச் செயலியும் உள்ளது.

காட்டுக்குள் தங்குவதானால் வனத்துறையின் அனுமதி கட்டாயம். சேஷாசலம் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. செம்மரக் கடத்தலைத் தடுக்க இங்குக் கண்காணிப்பும் கடுமையாக உள்ளது. அனுமதியின்றி நுழைவது சட்ட மீறல்; அதோடு, நீங்கள் அங்கிருப்பதே எவருக்கும் தெரியாமற்போகும். மழைக்காலத்தில் தனியார் தோப்பு, தங்கும் விடுதி வளாகம் போன்ற இடங்களே உகந்தவை. எங்கே தங்குகிறோம், எப்போது திரும்புவோம் என்பதை ஊரில் ஒருவரிடம் சொல்லிவிட்டுச் செல்லுங்கள்.

கூடாரமும் தரையும்

கடையில் கூடாரம் வாங்கும்போது 1,500 மி.மீ., 3,000 மி.மீ. என்று ஓர் அளவு குறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவு உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தைத் துணி கசியாமல் தாங்கும் என்பது அதன் பொருள். நம் மழைக்கு எண் பெரிதாக இருப்பது நன்று. படுத்தாலும் முழங்கால் ஊன்றினாலும் அழுத்தம் தரையில்தான் விழுகிறது என்பதால் தரைத்துணியின் எண் மேல்துணியினுடையதைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். தையல்களின் உட்புறம் நாடா ஒட்டப்பட்டிருக்கிறதா என்றும் பாருங்கள். புதுக் கூடாரத்தை வீட்டு மொட்டை மாடியில் அடித்து, குழாய் நீரைப் பீய்ச்சிச் சோதித்துவிடுங்கள்.

அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தின் விளிம்புக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கக் கூடாது; நீட்டினால் மழைநீரைப் பிடித்து உங்கள் முதுகுக்குக் கீழே கொண்டுவந்து சேர்க்கும். ஓரங்களை உள்ளே மடித்துவிடுங்கள். வெளிப்போர்வையும் உள்துணியும் ஒன்றையொன்று தொடாதபடி கயிறுகளை இழுத்துக் கட்டுங்கள். தொட்ட இடத்தில் நீர் கசியும். நைலான் துணி நனைந்தால் தளரும் என்பதால் படுக்கப் போகுமுன் மீண்டும் ஒருமுறை இறுக்குங்கள். நனைந்த மண்ணில் முளை பிடிக்காவிட்டால் அதன்மேல் கனமான கல்லை வையுங்கள்.

காற்றுத் திறப்புகளை முழுவதும் மூடிவிடாதீர்கள். மூடினால் நாம் விடும் மூச்சின் ஈரமே உள்ளே வியர்த்துச் சொட்டும். கூடாரம் ஒழுகுவதாகப் பலர் எண்ணுவது பெரும்பாலும் இதையே.

உள்ளே செய்ய வேண்டியவை

அன்றிரவு என் மகள் குளிரில் நடுங்கியதற்குக் காரணம் நனைந்த பருத்தி உடை. பருத்தி நீரைப் பிடித்து வைத்துக்கொண்டு உடல் வெப்பத்தை உறிஞ்சும். விரைவில் உலரும் செயற்கை இழை ஆடைகளும் கம்பளி ஒன்றும் மேலானவை. ஆளுக்கு ஒரு முழு மாற்றுடையைப் பிளாஸ்டிக் பையில் கட்டி, உறங்கும் நேரத்துக்கென்றே ஒதுக்கிவையுங்கள். என்ன நேர்ந்தாலும் அதை உடுத்திக்கொண்டு நடமாடக் கூடாது.

மழைக்கு அஞ்சி அடுப்பைக் கூடாரத்துக்குள் மூட்டாதீர்கள். தீ விபத்து ஒருபுறம். மணமும் நிறமும் அற்ற கார்பன் மோனாக்சைடு உறக்கத்திலேயே உயிரைப் பறிக்கும். சமையலுக்குத் தனியே ஒரு தார்ப்பாய்ப் பந்தல் போடுங்கள். மழை வலுத்தால் அவலும் வெல்லமும் பழமும் போதும்.

மின்னலைக் கண்ட பின் இடியோசை 30 விநாடிக்குள் கேட்டால் அது ஏறத்தாழ 10 கி.மீ.க்குள் இருக்கிறது. கூடாரம் மின்னலுக்குக் காப்பு ஆகாது. உடனே கட்டடத்துக்குள்ளோ மூடிய காருக்குள்ளோ சென்று, கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழிந்த பின்னரே வெளியே வாருங்கள். மழையில் பாம்புகளும் தேள்களும் உலர்ந்த இடம் தேடும். ஜிப்பை எப்போதும் மூடிவையுங்கள், காலணியை உதறி அணியுங்கள். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசைக்காமல் 108 ஊர்தியில் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

வங்கியாளன் சொல்லும் இரண்டு

மலையடிவாரத்தில் கைப்பேசி அலைவரிசை கிடைக்காமற்போகும். கிடைத்தாலும் நனைந்த கைப்பேசி உதவாது. ஆகவே சிறு நோட்டுகளாகக் கொஞ்சம் ரொக்கத்தையும், அட்டையை முடக்க உதவும் வங்கியின் தொலைபேசி எண்ணைத் தாளில் எழுதியும் நீர்புகா உறையில் வையுங்கள். அடுத்து, 18 முதல் 70 வயது வரையுள்ள சேமிப்புக் கணக்காளர் எவரும் ஆண்டுக்கு 20 ரூபாயில் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் சேரலாம். விபத்தில் உயிரிழப்பு நேர்ந்தால் குடும்பத்துக்கு 2 இலட்சம் ரூபாய் கிடைக்கும். இதுவரை சேராதவர்கள் பயணத்துக்கு முன் கிளைக்கு வந்து செல்லுங்கள்.

கடன் கேட்டு வருபவரிடம், நல்ல ஆண்டில் எவ்வளவு வருமானம் என்று மட்டும் நாங்கள் கேட்பதில்லை. மழை பொய்த்தால், விலை சரிந்தால் என்ன செய்வீர்கள் என்றும் கேட்கிறோம். அந்தக் கேள்வியை இருபது ஆண்டுகளாகப் பிறரிடம் கேட்டு வந்த நான், அன்று மாலை என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

திரும்பி வந்ததும் நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டி வைக்காமல் மறுநாளே வெயிலில் உலர்த்துங்கள். இல்லையேல் பூஞ்சை பிடிக்கும். நாங்கள் இன்றும் ஆண்டுதோறும் அத்தோப்புக்குச் செல்கிறோம். "இந்த வாட்டி எங்க போடப் போறீங்க சார்?" என்று பெரியவர் சிரித்தபடி கேட்பார். "நீங்க காட்டுற இடத்துல, பெரியவரே" என்பேன்.